அடுப்பு பற்றவைக்க உத்தரவு

மக்கா, நலம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். ஹூஸ்டனில் உன் ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது, படம் பார்த்தேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறேன். பாறசாலையில் இருந்து ஹூஸ்டன் வரைக்கும் நமக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் அதில் இருக்கிறார்கள். விடிந்ததும் பூப்படத்தில் வேதவசனம் எழுதி அனுப்புகிறவர்களும், உன் கல்யாணத்துக்கு என்ன கலர் சேலை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களும் இதைப் படிக்கட்டும். உன் பெரியப்பா படிக்கட்டும். முக்கியமாக அவர் படிக்கட்டும். யார் யார் படித்தார்கள் என்று அந்தப் போன் காட்டிக்கொடுக்குமே, அதில் அவர் பெயர் வருகிறவரைக்கும் நான் வேறு வேலை பார்க்கப்போவதில்லை.

மகனுக்கு நீளமாகக் கடிதம் எழுதுகிற அப்பன்மார் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் செய்த பிழையையெல்லாம் ஒப்புக்கொண்டு, மன்னித்துவிடு என்று முடிப்பார்கள். அந்த ஆசை உனக்கு வேண்டாம். இந்தக் காரியத்தில் பிழை செய்தவர்கள் வேறு ஆட்கள். அதில் நீயும் ஒருத்தன். நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். பல வருஷமாக அடக்கி வைத்த கோபம், சூடு ஆறவே இல்லை.

போன வாரம் நீ குரல் பதிவு அனுப்பினாய். “அப்பா, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டை கொச்சி ஈவென்ட் ஆளுங்ககிட்ட குடுத்துருவோம். லைவ் கவுண்டர் வப்பாங்க, டாக்கோ கவுண்டர்கூட உண்டு. நீங்க ஸ்ட்ரெஸ் எடுக்காம சும்மா இருங்க.” சும்மா இருங்க என்று சொன்னது யார் புத்தி என்று எனக்குத் தெரியாதா? பாறசாலையில், நம் சொந்த நிலத்தில், பந்தல் போட்டு நடக்கிற கல்யாணம் இது. அந்த மண்ணில் முந்தின நாள் சாப்பாட்டை யார் வைப்பது, எப்படித் தொடங்குவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை நடந்துவிடக்கூடாது என்று உன் பெரியப்பா பயப்படுகிறார். அவர் பயப்படுவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

குழுவில் இருக்கிற இளசுகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தாசையன் வைப்புக்காரர். வைப்புக்காரர் என்றால் கல்யாண வீடுகளில் சமைக்கிறவர். பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று அந்தப் பக்கத்தில் கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்து அவர் வைக்கிற மீன்கறிக்காகவே அழைக்காத ஆட்களும் பந்திக்கு வருவார்கள். அவருடைய இரண்டு மகன்களில் மூத்தவர் உன் பெரியப்பா. இளையவன் நான். பள்ளிக்கூட விடுமுறையில் நான் அவர் கூடவே போவேன், தேங்காய் துருவுவேன், வெங்காயம் உரிப்பேன். அண்ணன் வரமாட்டார். உடம்பில் வெங்காய வாடை அடித்தால் கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லிவிடுவார். சரி, படிக்கிற பிள்ளை, போகட்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார். நன்றாகத்தான் படித்தார், எஞ்சினியர் ஆனார், அமெரிக்காவுக்குப் போனார். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

அமெரிக்காவுக்குப் போனவர் அங்கே என்ன செய்தார் என்பதுதான் கதை. அவர் வீட்டு ஹாலில் அப்பாவின் படம் ஒன்று மாட்டியிருக்குமே, கோட்டு போட்டு, கையில் புத்தகத்தோடு? அந்தக் கோட்டு ஸ்டூடியோக்காரனுடையது. புத்தகமும் அவனுடையதுதான். அப்பா ஆசைக்கு எடுத்துக்கொண்ட படம். அந்தப் படத்தைக் காட்டி, “எங்கப்பா வாத்தியாராக்கும்” என்று உன் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சர்ச் சபையில் சொன்னார், ஆபீசில் சொன்னார், பெரியம்மாவைக் கட்டும்போது அவள் வீட்டாரிடமே அதைத்தான் சொன்னார். நாங்கள் ஹூஸ்டன் போய் இறங்கியதும் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், “லேய், இங்க ஆருகிட்டயும் வைப்பு கிய்ப்புன்னு வாய விடாத, கேட்டியா?” என்றார். நான் அப்போது தலையாட்டிவிட்டேன். புது ஊர், அவர் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தோம், வேறென்ன செய்ய?

உன் அம்மா நர்ஸ் வேலைக்கு வந்தவள், நான் அவள் கூட வந்தவன். இதை எங்கள் சபையில் எப்படிச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். வந்த புதிதில் கிடைத்த வேலைகளைச் செய்து பார்த்தேன், ஒன்றும் நிலைக்கவில்லை. அம்மா இரவு ஷிப்டு முடிந்து கால் வீங்கிப்போய் வருவாள். அவள் வருகிற நேரத்துக்குக் கஞ்சியும் பயறும் மீனும் சுடச்சுட வைத்திருப்பேன். உன்னைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு டப்பா கட்டி அனுப்பியதும் நான்தான். அதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. நீ கட்டப்போகிற பெண் டாக்டர். உன்னைவிட அவளுக்குச் சம்பளம் கூடுதல். உன் ஹோட்டல் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. அவள் சம்பளத்தில் நீ சாப்பிடவேண்டிவந்தால் நிம்மதியாகச் சாப்பிடு. அவள் வீட்டுக்கு வரும்போது சோறு சூடாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். கல்யாணத்துக்கு அப்பன் சொல்லவேண்டிய புத்தி அவ்வளவுதான், சொல்லியாயிற்று.

இனி அந்த மீன்கறிக்கு வருகிறேன். நீ உன் மெனுவில் போட்டிருக்கிறாயே, அந்த மீன்கறிக்கு.

அண்ணன் வீட்டு மாடியை விட்டு நாம் தனியாகக் குடியேறிய புதிதில் ஹூஸ்டனில் நல்ல தேங்காய் கிடைக்காது. உறைந்துபோன துருவல்தான். அதை வறுத்தால் பாதி கருகும், பாதி எண்ணெய் கக்கும், அரைத்தால் குழம்புக்கு உடம்பே இருக்காது. கரண்ட் அடுப்பில் புகையும் இல்லை. நான் எத்தனையோ தடவை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டியோடு கவிழ்த்திருக்கிறேன். அடுத்த வீட்டு லொரெட்டாவை உனக்கு நினைவிருக்கும், லூசியானாக்காரி, ஒரே நேரத்தில் ரேடியோவோடு பாடிக்கொண்டும் உன்னைத் திட்டிக்கொண்டும் இருப்பாளே. என் வீட்டிலிருந்து வந்த கருகல் வாடையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் கதவைத் தட்டினாள். விஷயத்தைச் சொன்னேன். என்னை அவள் அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெண்டைக்காயும் நண்டும் போட்டு அவர்கள் வைக்கிற கம்போ என்கிற குழம்புக்கு, முதலில் மாவை எண்ணெயில் போட்டுக் கிண்டுவார்கள். கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும், கையை எடுக்கக்கூடாது. மாவு வெளுப்பிலிருந்து சிவந்து, பிறகு காப்பித்தூள் நிறத்துக்கு வரும். நான் அடுப்பை அணைக்கப் போனேன். “பயப்படாதே, இன்னும் போகும்” என்று என் கையில் ஒரு தட்டு தட்டினாள். என் அப்பா தேங்காய் வறுக்கும்போது சொல்வாரே, அதே வார்த்தை. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. புகைதான் காரணம் என்று அவளிடம் சொன்னேன்.

பாதி தேங்காய், பாதி அவள் வறுத்த மாவு. அதில் ஊரிலிருந்து வந்த குடம்புளி. மீனுக்கு வியட்நாம்காரர் கடையில் உயிரோடு கிடைக்கிற கெளுத்தி. எல்லாம் சரியாக வந்தது, விறகின் வாசனை மட்டும் இல்லை. அதைக் கொடுத்தவன் மிகேல். நம் குடியிருப்பில் குழாய் வேலைக்கு வருகிற மெக்சிகோக்காரன். ஒருநாள் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். நக்கிவிட்டு, யோசித்து, அடுத்த நாள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். புகையில் போட்டு உலர்த்திய மிளகாய். இரண்டே இரண்டை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தேன். மக்கா, நான் பொய் சொல்லவில்லை, அந்தக் கரண்ட் அடுப்புச் சட்டியிலிருந்து பாறசாலைப் பந்தலின் வாசனை வந்தது. அந்தக் கறி பிறந்த கதை இதுதான். என் அப்பா, லொரெட்டா, மிகேல், நான். வேறு ஒருத்தருக்கும் அதில் பங்கில்லை.

பல வருஷம் கழித்து ஒரு நவம்பரில் நன்றிகூறும் பண்டிகைக்குச் சபை ஹாலில் விருந்து. வீட்டுக்கு ஒரு பண்டம் கொண்டுபோகவேண்டும். நான் பெரிய சட்டி நிறைய இந்தக் கறியைக் கொண்டுபோனேன். நீ காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய், உன் பெரியப்பா பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாய். ஜனங்கள் வான்கோழியை விட்டுவிட்டு என் சட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். இரண்டாம் தடவையும் வந்தார்கள். அப்போது மகளைப் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், கையை நக்கிக்கொண்டே சத்தமாகக் கேட்டார். “இது ஆரு வச்ச கறி? நம்ம வைப்புக்காரன் தாசையனுக்க கைப்பக்குவம் அப்படியே இருக்கே! தாசையனுக்க ஆட்கள் ஆராவது இங்க உண்டுமா?”

ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் உன் பெரியப்பா எழுந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. “உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு அண்ணாச்சி. எங்கப்பா வாத்தியாராக்கும். எங்க வீட்டுல ஆம்பள ஒருத்தனும் அடுப்பாங்கர பக்கமே போனதில்ல. இவன் பொண்டாட்டி சம்பாத்தியத்துல குந்தி இருந்து திங்கான் இல்லியா, அதனால சட்டி கழுவிப் படிச்சுக்கிட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பெரியம்மா வந்து என் சட்டியைத் தூக்கினாள். “மீன் கெட்டுப்போச்சுன்னு தோணுது, பிள்ளைகளுக்கு வயித்துக்கு ஆகாது” என்று சொல்லி, பாதிக்கு மேல் கறி இருந்த சட்டியை அந்தக் கறுப்புக் குப்பைப் பையில் கவிழ்த்தாள். தட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து அதே பையில் கொட்டினார்கள். அந்தப் பெரியவர் மட்டும் தட்டைக் கொடுக்காமல் கடைசிவரை தின்றார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நீ என்ன செய்தாய் என்று நான் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். உன் தட்டில் கறி மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்தாய், அவர்களைப் பார்த்தாய். பிறகு எழுந்துபோய் அந்தப் பையில் போட்டாய். அந்தக் கறியைச் சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்தவன் நீ. மீன் கெடவில்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கே நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன், இதற்கு ஒருநாள் பதில் கொடுக்காமல் நான் சாகமாட்டேன் என்று. லொரெட்டாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அவர்களைத் திட்டிய திட்டை இந்தக் குழுவில் எழுத முடியாது.

அம்மா ரிட்டயர் ஆனதும் நாங்கள் ஊர்ப்பக்கமே வந்துவிட்டோம். நேமத்தில் வீடு, காலையில் நடை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. வயதாகிறது, மறந்துவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. அப்போதுதான் நீ உன் மெனுவை அனுப்பினாய். ‘மூதாதையர் சமையலும் அமெரிக்க மண்ணின் பல சுவைகளும்’ என்று மேலே தலைப்பு. கீழே முதல் பண்டம், ‘பெரியம்மாவின் பங்களா மீன்கறி’. அதற்கு ஒரு கதை வேறு. பள்ளி ஆசிரியர் ஒருவரின் பங்களாவில், மருமகள் வைத்த குழம்பாம். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ போய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், அவள் அதை வீடியோவில் செய்து காட்டியிருக்கிறாள், நீ அதைத் திரும்ப எடுத்து அவள் பெயரில் மெனுவில் போட்டிருக்கிறாய். குப்பையில் கொட்டிய கறி, கொட்டினவள் பெயரிலேயே! நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள், போகவில்லை.

உனக்குப் போன் செய்தேன். என்ன சொன்னாய் என்று குழுவில் எல்லோரும் கேட்கட்டும்.

“அப்பா, அது மார்க்கெட்டிங்பா. ஒரு ஸ்டோரி வேணும். பங்களா, பெரியம்மா அப்படின்னா ஆளுங்களுக்கு ஒரு வார்ம் ஃபீலிங் இருக்கும்.”

“வைப்புக்காரன்னா?”

“அது... கொஞ்சம் காம்ப்ளிகேட்டட்.”

“என்ன காம்ப்ளிகேட்டட்? அடுப்பு, சட்டி, மீன். அதுல என்ன இருக்கு?”

“பெரியப்பா பார்ட்னர், அப்பா. உங்களுக்குத் தெரியும்ல. ப்ளீஸ், விட்டுருங்க.”

“லொரெட்டா பேரு எங்க? மிகேல் பேரு எங்க?”

“ஃப்யூஷன்னு போட்டிருக்கேனே.”

ஃப்யூஷனாம்! லொரெட்டா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாவு கிண்டினவள். அவளுக்கு ஃப்யூஷன் என்று பெயரா? சமையலில் புத்தி கேட்டால் நான் ஒன்று சொல்கிறேன், அதையாவது கேள். உப்பு கூடினால் சரிசெய்யலாம், காரம் கூடினால் சரிசெய்யலாம், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை மாற்றிச் சொன்னால் அந்தச் சட்டியைக் கழுவவே முடியாது. வேறு வீட்டுச் சுவையை நம் சட்டியில் சேர்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை. நான் சேர்த்திருக்கிறேன், பெருமையாகச் சேர்த்திருக்கிறேன். அவர்கள் பெயரை வாயால் சொல்லிவிட்டுச் சேர்.

இனி என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன். கொச்சி ஆட்களுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. உன் கல்யாணத்துக்கு வைப்பு நான்தான். மாப்பிள்ளையின் அப்பன் பட்டு வேட்டி கட்டி வாசலில் நின்று கும்பிடவேண்டும் என்பார்கள். அதை உன் அம்மா செய்துகொள்வாள், என்னைவிட அழகாகக் கும்பிடுவாள். நான் அடுப்படியில் நிற்பேன். முந்தாநாள் விழிஞ்ஞத்துக்குப் போய் மீன் சொல்லிவிட்டு வந்தேன். நெய்மீன், ஊரே தின்கிற அளவுக்கு. கரையில் ஏலம் எடுக்கிற சேச்சி கேட்டாள், “பிள்ளைக்க கல்யாணமா சாரே? வைப்பு ஆரு?” நான்தான் என்றேன். “சாரா? அப்ப நானும் வாரேன், என்னையும் விளிக்கணும்” என்று சிரித்தாள். விளித்துவிட்டேன். சாலைக் கடைத்தெருவில் மல்லியும் மிளகும் எடுத்தாகிவிட்டது. மிகேல் மிளகாய்ப் பொட்டலம் அனுப்பியிருக்கிறான். பாறசாலையில் நல்ல விறகு இருக்கிறது, புகைக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் அவன் மிளகாயைச் சேர்க்கத்தான் போகிறேன். லொரெட்டா சொல்லித்தந்தபடி மாவும் வறுப்பேன், நல்ல தேங்காய் மலைபோலக் கிடந்தாலும்.

முறைக்கு வருகிறேன். இளசுகள் கவனமாகப் படியுங்கள். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் வைப்புக்காரன் தானாக அடுப்புப் பற்றவைக்கமாட்டான். சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தலில் கூடியபிறகு, தோர்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நிற்பான். தன் அப்பன் பெயரையும் தொழிலையும் சொல்லி, இன்னான் மகன் நான், அடுப்பு பற்றவைக்கலாமா என்று கேட்பான். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, அதே அப்பன் பெயரைச் சொல்லி, இன்னான் மகனே, பற்றவை என்று உத்தரவு கொடுக்கவேண்டும். யார் கையால் சாப்பிட்டோம் என்று பிறகு யாரும் தெரியாததுபோல நடிக்கக்கூடாது என்பதற்காக வைத்த முறை. அப்பா உத்தரவு கேட்டு நிற்பதை நான் எத்தனையோ பந்தலில் பார்த்திருக்கிறேன். குரல் கடைசி வரிசைவரைக்கும் கேட்கும்.

புரிந்ததா? நான் நடுவில் வந்து நின்று, “வைப்புக்காரன் தாசையன் மகன் நான், அடுப்பு பத்தவைக்கட்டா?” என்று கேட்பேன். பாறசாலைச் சொந்தமும், ஹூஸ்டன் சபையிலிருந்து விமானம் ஏறி வந்தவர்களும், உன் பெண் வீட்டாரும், உன் பெரியம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் பெரியப்பா எழுந்து, “வைப்புக்காரன் தாசையன் மகனே, பத்தவையி” என்று சொல்லவேண்டும். என்னை அப்படிக் கூப்பிடுகிற வாய் அந்த நிமிஷமே தன்னையும் அப்படிக் கூப்பிட்டதாகிவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் அப்பன் ஒருத்தர்தானே! இதைத்தான் நான் இத்தனை வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வாயிலிருந்து, மைக் இல்லாமல், தமிழில் வரவேண்டும். அவருக்குப் போன வருஷம் இதயத்தில் ஏதோ சின்னச் சிகிச்சை நடந்தது என்று கேள்விப்பட்டேன். விசாரித்துவிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறார், குரலும் கணீரென்று இருக்கிறதாம். நல்லது.

அவர் வராமல் இருந்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். அதற்காகத்தான் மக்கா இதைக் குழுவில் போடுகிறேன். இனி அவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வந்துதான் ஆகவேண்டும். வந்து சொல்லிவிட்டால் முதல் இலை அவருக்குத்தான், என் கையாலேயே பரிமாறுவேன். நடு மீனாகப் பார்த்து வைப்பேன்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு வட்டாக்கும், புத்தி பேதலிச்சுப்போச்சு. பிள்ளைக்க கல்யாணம் இது, உங்களுக்க வழக்கு தீர்க்குற இடம் இல்ல.”

“வேற எங்க தீர்க்க? அவங்க கறியக் கொட்டுனதும் பந்தியிலதானே?”

“செரி, நீங்க கேட்டு நிக்கிறீங்க. அண்ணன் வாயே தொறக்கலன்னா? வந்த ஜனம் மொத்தமும் பட்டினியா போகுமா?”

அதற்கும் முறை இருக்கிறது என்றேன். என்ன முறை என்று கேட்டாள். சொன்னேன். அவள் கழற்றி வைத்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, “அப்போ நீங்க குறி வச்சது அண்ணனுக்கு இல்ல” என்றாள். நான் மறுக்கவில்லை. அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “அனுப்புங்க” என்றாள்.

இரண்டு தடவை கேட்டும் பெரியப்பா எழுந்திருக்காவிட்டால் உத்தரவு கொடுக்கிற உரிமை மாப்பிள்ளைக்கு வருகிறது. மூன்றாவது தடவை நான் அவர் பக்கம் திரும்பமாட்டேன். உன்னைப் பார்த்துக் கேட்பேன். நீ வேட்டி கட்டி, உன்னைக் கட்டப்போகிறவளின் ஆட்களுக்கும் உன் பார்ட்னருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாய். அன்றைக்குச் சபை ஹாலில் எங்கள் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்கு இந்தத் தடவை நேரம் கொடுக்கமாட்டேன். விறகு அடுக்கியிருக்கும், மீன் வெட்டிக் கழுவியிருக்கும், ஜனம் பசியோடு இருக்கும். நீ வாய் திறக்காவிட்டால் நான் சத்தியமாகத் தீப்பெட்டியை எடுக்கமாட்டேன். அந்த மீனையெல்லாம் அப்படியே குழி தோண்டிப் புதைப்பேன். அடுப்பெரியாத கல்யாணம் என்று உன் கல்யாணத்தை உன் பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் பேசுவார்கள். அப்பன் இப்படிச் செய்வானா என்று யோசிக்காதே. செய்வேன்.

குழுவில் பதில் போடாதே. போனிலும் கூப்பிடாதே. என்னைப் பெருமைப்படுத்தி ஒரு வார்த்தையும் எனக்கு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பந்தலில் எழுந்து நின்று, நடுவில் நிற்கிற எனக்குக் கேட்கிற மாதிரி, உன் தாத்தா பெயரைச் சொல்.

வைப்புக்காரன் தாசையன் மகன்